ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு வீட்டு வாசல் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த மரவேலை. நிலையிலும் அதன் மேற்புறத்திலும் ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கல்கள். அதன் முன்னால் நிற்கும் வயதான சிங்கப்பூர்த் தமிழருக்கு மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி நினைவுக்கு வராமல் இருக்காது. தரையில் வரிசையாக விரித்த பாய்கள், ஒவ்வொரு பாய்க்கும் ஒரு சாய்வு மேசை, பக்கத்தில் ஒரு பெட்டகம், நெற்றி நிறைய விபூதியோடு பேரேடு எழுதும் செட்டியார்கள், கடன் கேட்டு வந்து காத்திருக்கும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும். நகரச் சீரமைப்பில் 1970களில் அந்தக் கிட்டங்கிகள் போயின. ஆனாலும் செட்டியார்கள் மறக்கப்படவில்லை. டேங்க் ரோட்டில் 1859இல் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்கு முதல்நாள் புறப்படும் வெள்ளி ரதம் இருக்கிறது, இதோ இந்தக் கதவும் இருக்கிறது.

கதவு செய்துகொள்ள முடிந்தவரின் கதவு மிஞ்சும். கப்பலின் மேல்தளத்தில் துணி விரித்துப் படுத்து வந்தவரிடமிருந்து என்ன மிஞ்சும்? நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கைத் தொட்டு, சிங்கப்பூரில் இறக்கிய ரஜூலா கப்பலின் பெயரைப் பழையவர்கள் இன்றும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரைப்போலச் சொல்வார்கள். தளப்பயணிகளை நேரே கரைக்கு விடமாட்டார்கள். செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே ஊருக்குள் அனுப்புவார்கள். அங்கிருந்து சிலர் தஞ்சோங் பகார் துறைமுகத்தின் வரிசை வீடுகளுக்கும், சிலர் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கும், சிலர் நகராண்மைக் கழகத்தின் சாலை வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போனார்கள். உடைமை என்று அவர்களிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அது துருப்பிடித்து, பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன நாளில் கீழ்த்தளத்துக் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். மரபுடைமை நிலையம் அவர்களை மறைக்கவில்லை. படங்களாகவும் குறிப்புகளாகவும் சொல்லத்தான் முயல்கிறது. என் குறை நிலையத்தின்மீது இல்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நாம் தேடுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதே கட்டடத்தின் வாசலைக் கடந்து கூட்டமாக நடந்துபோகிறார். அவரை நம் மரபோடு சேர்த்து எண்ண நமக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூர்த் தமிழர் தங்கள் மரபைக் காப்பது பற்றி இவ்வளவு பேசும் காலத்தில், அந்த மரபின் உயிருள்ள வாரிசுகளில் பெரும்பகுதி வேலை அனுமதிச் சீட்டோடு வந்திருக்கும் ஊழியர்கள்தான் என்பதும், அவர்களை விட்டுவிட்டு நாம் காப்பது பாதி மரபுதான் என்பதும் என் வாதம்.

முதலில் இந்த ஊரைக் கட்டிய கதை. 1825இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளின் முதல் கூட்டம் சிங்கப்பூரில் இறங்கியது. 1873 வரை நீடித்த அந்தக் கைதி ஏற்பாட்டில் தமிழர், தெலுங்கர், வங்காளியர், பஞ்சாபியர் எல்லாரும் இருந்தார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை எழுப்பியது அவர்களின் உழைப்பு. அதன் சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரை ஊற்றி அரைத்தது. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவரைத் தொட்டிருப்பவர்களுக்கு அந்தக் கைப்பக்குவம் தெரிந்திருக்கும். இன்று இஸ்தானா என்று அழைக்கப்படும் ஆளுநர் மாளிகையிலும் அவர்களின் வியர்வை உண்டு. சிராங்கூன் சாலையோரத்தில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயில் வட்டாரத்தைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். பிறகு மாட்டுப் பட்டிகள் வந்தன, மாட்டோடு பால்காரரும் வண்டிக்காரரும் வந்தார்கள். 1915இல் கண்டாங் கெர்பாவ் சந்தை வந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கல்கத்தாவிலிருந்து மாடு இறக்கிய வணிகர் பெலிலியோஸின் பெயரில் ஒரு சாலை என்று தெருப்பெயர்களே அந்தத் தொழிலைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அப்படி உழைக்க வந்த கூட்டத்தின் வாழ்க்கையை நினைவில் மீட்டுப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். அது பெரும்பாலும் பெண்களில்லாத வாழ்க்கை. 1931 குடிக்கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள். அறைக்குப் பலர், முறைவைத்துச் சமையல், மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணவிடை, தங்கை கல்யாணக் கடன், அடுத்த வருடமாவது போய்விடலாம் என்ற பேச்சு. ஓய்வு நாளில் சிராங்கூன் சாலைக்கு வந்து ஊர்க்காரர் யாராவது கப்பலில் வந்தார்களா என்று விசாரிப்பது, கோமள விலாசிலோ ஆனந்த பவனிலோ ஒரு காப்பி, எழுதத் தெரிந்தவரைப் பிடித்து வீட்டுக்கு ஒரு கடிதம். இந்த வரிகளில் பணவிடைக்குப் பதில் பணம் அனுப்பும் கடை என்றும், கடிதத்துக்குப் பதில் கைப்பேசிக் காணொளி என்றும், கப்பலுக்குப் பதில் திருச்சி விமானம் என்றும் மாற்றிக்கொண்டால் இன்றைய ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறது.

தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியாவில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மாலைக்கடைகளில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் மணக்கும். வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து சாம்பிராணிப் புகை சாலைவரை வரும். பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் முன்வரிசையில் இருக்கும். தங்குவிடுதிகளிலிருந்து பேருந்துகள் வந்து நிற்க நிற்க, துவைத்து மடித்த சட்டையும் படிய வாரிய தலையுமாக இளைஞர்கள் இறங்குவார்கள். புதுக்கோட்டை, அறந்தாங்கி, மன்னார்குடி, சிவகங்கை, அரியலூர் என்று ஊர்வாரியாக அவர்களுக்குக் கூடுமிடங்கள் உண்டு. எந்தப் புல்தரையில் எந்த ஊர்க்காரர் உட்காருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அவர் கையில் கொடுத்துவிட முஸ்தபா கடையில் வாங்கிய தைலமும் சோப்பும் சாக்லேட்டும் அந்தப் புல்தரையில்தான் கைமாறும். யாருக்குக் கால் அடிபட்டது, எந்த நிறுவனத்தில் சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை, எந்த முகவரிடம் போகக்கூடாது என்ற செய்திகளும் அங்கேதான் பரவும். ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் சங்கங்களை இப்படிப்பட்ட பேச்சிலிருந்துதான் கட்டினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களோ, அன்றைக்கு மட்டும் தேக்காப் பக்கம் போகவேண்டாம், கூட்டமாயிருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். சாமானைச் சனிக்கிழமை காலையிலேயே வாங்கிவிடுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பெலிலியோஸ் லேன் பக்கம் சுவரில் கிளி ஜோசியரையும் வண்ணாரையும் பூக்கட்டுபவரையும் அழகாக வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தோடு படம் எடுத்துக்கொள்ள நம் பிள்ளைகள் வருவது சந்தோஷம்தான். அவர்கள் வராத அந்த ஒரு நாளில்தான் லிட்டில் இந்தியா தன் பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மொழியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் கவலை அதிகமும் அதைச் சுற்றித்தான். சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010 குடிக்கணக்கில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தியரில் வீட்டில் அதிகமும் ஆங்கிலமே பேசுவோர் அதே 2020இல் 59.2 விழுக்காடு. ஒவ்வொரு பத்தாண்டிலும் இந்தக் கணக்கு வெளிவந்ததும் கருத்தரங்குகள் நடக்கின்றன. ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடக்கிறது. வளர்தமிழ் இயக்கமும் ஆசிரியர்களும் பெற்றோரும் மனமார உழைக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. வேலை அனுமதியில் இருப்பவர் அதில் வரமாட்டார். தமிழிலேயே எழுந்து, தமிழிலேயே வேலை பேசி, தமிழிலேயே சண்டையிட்டு, தமிழிலேயே அழுது உறங்கும் ஆயிரக்கணக்கானோர் இந்தத் தீவில் இருக்க, தமிழ் புழங்கும் இடமே குறைந்துபோயிற்று என்று நாம் வருந்துகிறோம். பள்ளியில் படித்த தமிழைப் பேச வெளியே ஆளில்லை என்று மாணவர்கள் சொல்வது உண்மையான குறை. அதே வேளையில், வாரம் ஒருமுறை ஊரின் நடுவில் தமிழ் மட்டுமே ஒலிக்கும் ஒரு பெருந்தெரு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்க நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றாததற்குக் காரணம் மொழி சார்ந்தது என்று நான் நினைக்கவில்லை. வர்க்கம்தான் காரணம். தாத்தா செய்த வேலையைப் பேரன் மறந்தபின், அதே வேலையைச் செய்பவரின் பக்கத்தில் நிற்கப் பேரனுக்குக் கூச்சமாயிருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. அவர்கள் இங்கே தங்க வரவில்லை, சில ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்புவார்கள், மரபு என்பது வேர்விட்டவர்களுக்குத்தான் என்கிறது அது. வரலாறு இதற்குச் சொல்லும் பதிலைக் கேட்கலாம். நம் முன்னோரில் தங்க வந்தவர்கள் மிகச் சிலர். பி. கோவிந்தசாமி பிள்ளை பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து மளிகைக் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கியவர். சிராங்கூன் சாலையில் பெருங்கடை வைத்து, கடைசியில் 1979இல் சீனிவாசப் பெருமாள் கோயிலின் ராஜகோபுரம் எழப் பொருள் கொடுத்தவர். இறங்கிய நாளில் அவரைப் பார்த்தவர்கள் பத்தோடு பதினொன்று என்றுதான் நினைத்திருப்பார்கள். கோ. சாரங்கபாணி திருவாரூரிலிருந்து 1924இல் வந்தார், 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். குடியுரிமைச் சட்டம் 1957இல் வந்தபோது, பதிந்துகொள்ளுங்கள், இதுதான் உங்கள் நாடு என்று அந்த ஏடு தமிழரை விடாமல் வற்புறுத்தியது. வற்புறுத்த வேண்டியிருந்தது என்பதையே கவனிக்கவேண்டும். பாதி மனம் ஊரில் இருந்த ஒரு கூட்டத்தைத்தான் அவர் அப்படி அழைத்தார். பதிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைய சிங்கப்பூர்த் தமிழர். பதியாதவர்களின் கதி வேறு. 1968இல் பிரிட்டன் தன் படைகளை விலக்கப்போவதாக அறிவித்து, 1971இல் கடற்படைத் தளம் கைமாறியபோது, குடியுரிமை இல்லாத பலர் வாழ்நாள் உழைப்பைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். தளத்தில் அவர்கள் வழிபட்ட முருகன், யீஷூனில் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயமாக இன்றும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி காண்கிறார். திரும்பிப்போனவர்களும் இங்கே மரபு விட்டுப்போயிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனாலும் மறுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மழுப்பக்கூடாது. அன்றைக்குத் தங்குவதற்கு ஒரு கதவு திறந்திருந்தது, இன்றைக்கு இல்லை. வேலை அனுமதியில் இருக்கும் கட்டுமான ஊழியர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்கவேண்டுமானால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் இங்கே வேலை செய்தாலும் அவர் நேற்று இறங்கியவரின் நிலையில்தான் இருக்கிறார். சிறிய தீவு, குடிபெயர்வைக் கட்டுப்படுத்த அதற்கு உரிமை உண்டு. அந்தச் சட்டங்களைப் பற்றி வாதிட வேறு இடம் உண்டு. நான் கேட்பது அதைவிடச் சிறியது. அரசின் சட்டம் அவருக்கு வசிப்புரிமை தருமா என்பது ஒரு கேள்வி. நம் நினைவில் அவருக்கு இடம் உண்டா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு அமைச்சின் அனுமதி தேவையில்லை. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் பதிலாக வைத்துக்கொண்டது நம் செயல்.

சாரங்கபாணி காலத்துச் சிங்கப்பூர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. 1952இல் அவர் தொடங்கிய தமிழர் திருநாள், சாதியும் சமயமும் பிரித்துவைத்திருந்தவர்களை ஒரே பந்தலில் உட்காரவைப்பதற்காகவே வந்தது. வணிகரும் வாத்தியாரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வந்தபோது அதில் தமிழுக்கே இடம் வேண்டும் என்று போராடி, தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார்கள். அந்த நிதிக்குக் கொடுத்தவர்களில் கூலிக்காரர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் தங்கப்போகிறவர்கள், எத்தனை பேர் திரும்பப்போகிறவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்கப்போகாத அந்தக் கைகள் கொடுத்த காசுக்கும் மலாயாவில் தமிழின் உயர்கல்வி கால் ஊன்றியதில் பங்கு உண்டு. இன்று தமிழ் விழாக்களுக்கு அழைப்பிதழ் அச்சாகும்போது விடுதிகளுக்கு எத்தனை போகின்றன என்று ஏற்பாட்டாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த மறுப்பு குடியிருப்பாளர்களுடையது: கூட்டம், குப்பை, குடி, பயம். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு வாரமும் அந்நியர் படுத்திருந்தால் எவருக்கும் சங்கடம்தான். அதைக் குடியிருப்பாளரின் கல்நெஞ்சம் என்று சொல்வது அநியாயம். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவை யாரும் மறக்கவும் முடியாது. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் அடிபட்டுத் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் இறந்தார், கலவரம் வெடித்தது, ஆம்புலன்ஸும் போலீஸ் கார்களும் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்து பற்றிய தவறான புரிதலும் குடியும் காரணங்கள் என்றது. வேலை நிலைமை மீதான மனக்குறை காரணம் அல்ல என்றது. 25 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள், 57 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. செய்தவர்கள் தண்டனை பெற்றது சரி. ஆனால் ஒரு சிலரின் ஓர் இரவு, ஒவ்வொரு ஞாயிறும் அமைதியாக வந்து அமைதியாகத் திரும்பிய பல்லாயிரம் பேரின் அத்தனை வருடங்களையும் மூடிவிட்டது. தவிர, அந்தப் பயம் 2013இல் பிறந்ததும் அல்ல. 2008இலேயே சிராங்கூன் கார்டன்ஸில் ஊழியர் விடுதி ஒன்று வரப்போகிறது என்றதும் ஏறத்தாழ 1,400 குடும்பங்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டன. கலவரம் எதுவும் நடக்காத காலம் அது.

கொவிட் காலம் இன்னும் கூர்மையாகப் பேசியது. 2020 ஏப்ரலில் விடுதிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு சிங்கப்பூரில் உறுதியான தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் விடுதிகளில். அரசு சிகிச்சை அளித்தது, சம்பளத்தையும் உணவையும் கவனித்தது, உயிரிழப்பு மிகக் குறைவு. இதையெல்லாம் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. மற்றவர்களுக்கு ஊர் திறந்த பிறகும் அவர்களுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை என்பதையும் அதே நேர்மையோடு சொல்லவேண்டும். 2021 செப்டம்பரில் சோதனை முறையில் வாரத்துக்கு 500 பேர்வரை வெளியே அனுப்பத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று லிட்டில் இந்தியா. ஒன்றரை வருடம் அடைந்துகிடந்தவருக்கு முதலில் காட்டவேண்டியது தேக்காதான் என்று அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது. 2022 ஜூனில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோதும், ஞாயிறும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக அவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டியிருந்தது. கூட்ட நெரிசலைத் தவிர்க்க அது தேவைப்பட்டிருக்கலாம். செயிண்ட் ஜான்ஸ் தீவில் காத்துக்கிடந்த தளப்பயணிகளின் பேரர்களான நாம், அந்த மாதங்களில் வேண்டியபோது தேக்காவுக்குப் போய் ரொட்டி சாப்பிட்டுவந்தோம்.

மூன்றாவது மறுப்பை முன்வைப்பவர்கள் நல்ல மனதுக்காரர்கள். தமிழர் என்பதால் தமிழ் ஊழியரைச் சொந்தம் கொண்டாடினால் வங்காளதேசத்தவரையும் மியன்மார்க்காரரையும் சீனரையும் யார் பார்ப்பது, மனித நேயத்தை மொழிவாரியாகப் பிரிப்பது பல இன நாட்டுக்கு ஆகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைத் துறைகளில் வேலை அனுமதியில் இருப்போர் எல்லா நாட்டவரும் சேர்ந்து நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் தமிழர் ஒரு பகுதி மட்டுமே. அதே லிட்டில் இந்தியாவின் லெம்பு ரோட்டில் வங்காளிகளின் ஞாயிறு தனியாக ஒலிக்கிறது. 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியின் முதல் மேடைகளில் ஓங்கி ஒலித்தது வங்கக் குரல்தான். என் பதில் இது: அக்கறை எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும், ஆனால் ஒருவர் சொல்வதை நேரடியாகப் புரிந்துகொள்ள முடிந்தவருக்குக் கூடுதல் கடமை உண்டு. சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விழிப்பவர், மருத்துவமனையில் வலி எங்கே என்று விளக்க முடியாதவர், லாரியின் பின்புறத்தில் மழையில் நனைந்து போனதைச் சொல்ல ஆள் தேடுபவர் ஆகியோரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடியவர்கள் இந்த நாட்டில் யார்? வங்க மொழி தெரிந்த சிங்கப்பூரர் குறைவு. அதனால் அங்கே வேலை கடினம். நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

நான்காவதாக, இதெல்லாம் ஏற்கெனவே நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது, நடத்துபவர்கள் மதிக்கத்தக்கவர்கள். 2008 முதல் கஃப் ரோட்டுத் திட்டத்தின்கீழ் காயம்பட்டும் சம்பளம் கிடைக்காமலும் வழக்குக்காகக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவச உணவு கிடைக்கிறது. மருத்துவம் பார்ப்போர், சட்ட உதவி செய்வோர், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோவோர் என்று தொண்டூழியர் பலர். இந்த வேலைகளில் தமிழரல்லாதவர் அதிகம் தெரிவது நம்மைக் கொஞ்சம் உறுத்தவேண்டும். ஆனால் நான் பேசுவது உதவியைப் பற்றி மட்டும் அல்ல. உதவி என்பது இருப்பவர் இல்லாதவருக்குத் தருவது. தந்தபின் இருவரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மரபில் பங்கு என்று சொல்லும்போது, அவரிடம் நாம் பெறவேண்டியதும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம். அறுவடைக் காலத்து வழக்குச் சொற்கள், குலதெய்வக் கோயில் கதைகள், தப்பும் பம்பையும் அடிக்கத் தெரிந்த கை, ஒயிலாட்டம் தெரிந்த கால் எல்லாம் விடுதிக் கட்டில்களில் படுத்திருக்கின்றன. நம் கலைக் குழுக்கள் தமிழ்நாட்டிலிருந்து கலைஞரை வரவழைப்பதில் தவறில்லை. துவாஸ் விடுதியில் இருப்பவரையும் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதிக்காக நடந்துபோகும் இரவில், நெடுநாள் விரதமிருந்து வரும் ஊழியரும் வங்கி அதிகாரியும் ஒரே தெருவில் ஒரே மஞ்சள் வேட்டியில் நடக்கிறார்கள். அங்கே முடிவது மற்ற நாளில் முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

செய்யக்கூடியவற்றில் மிக எளிதானதும் மிக அவசரமானதும் கேட்டுப் பதிவது. 1979இல் வாய்மொழி வரலாற்று நிலையம் தொடங்கியபோது, போருக்கு முந்தைய சிங்கப்பூரை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருந்தார்கள். அவர்கள் பேசியதைப் பதிந்துவைத்ததால்தான் அந்தக் காலத்தைப் பற்றி இன்று நாம் நிச்சயத்தோடு எழுத முடிகிறது. இப்போதைய தலைமுறை ஊழியரின் நிலை அதைவிட மோசம், ஏனென்றால் அவர் இங்கே மூப்படைவதில்லை. உடல் வலு குறைந்ததும் போய்விடுகிறார், நினைவும் அவரோடு போய்விடுகிறது. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் நிலையங்களின் வழியே ஓடும் வடகிழக்கு ரயில் பாதை 2003இல் திறந்தது. அதற்கு மண் தோண்டியவர்களும் கம்பி கட்டியவர்களும் இன்று ஐம்பதைத் தாண்டி, ஊரில் ஒரு மச்சுவீடு கட்டி, வயலையோ கடையையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தச் சுரங்கத்தில் எந்த மாதம் தண்ணீர் புகுந்தது, தேக்காவில் அப்போது சாப்பாடு என்ன விலை, ஊருக்குப் பேச அட்டை வாங்கி எந்தக் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள், முதல் தீபாவளி எப்படிக் கழிந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்குழு தேவையில்லை. வரும் ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் புல்தரையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலருக்கு அப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ உண்டு; அவரைப் பார்த்துத்தான் இவர்களே கிளம்பி வந்திருப்பார்கள். கேட்டால் அவருடைய கைப்பேசி எண்ணைத் தருவார்கள்.